அளக்குற கண்ணுக்குச் சந்தனப் பொட்டு

எங்க ஊரு மாரியாத்தா நோம்பிக்கு மொதப் பானை வெக்கறதுன்னா சும்மா இல்லீங்க. ரெண்டாம் போகத்துல எந்த ஊட்டு வயலு நல்லா வெளஞ்சுதோ, அந்த ஊட்டுப் பொம்பளதான் மொதல்ல பானையில அரிசி போடோணும். அவ பானை பொங்கி வழியற வரைக்கும் மத்தவிய அத்தன பேரும் அடுப்புப் பத்த வெக்காம கையக் கட்டிட்டு நிக்கோணும். வெயிலு மண்டையப் பொளக்கும். ஆனாலும் நிக்கோணும். அதுதான் மொற.

அந்த மொதப் பானை எனக்கு ஒரு வருசமாச்சும் கெடைச்சுதான்னு கேளுங்க. இல்ல. வருசா வருசம் அத வெக்கறது என்ற ஓரகத்தி. கொழுந்தனாரு பொண்டாட்டி, எனக்குச் சின்னவ. என்னைய அக்கான்னுதான் கூப்புடுவா. அந்த அக்காவுல அரைப்படி நல்லெண்ண ஊத்தி வெச்சிருப்பா, கையில புடிக்க முடியாது, வழுக்கும்.

எனக்கு எழுத்து வராதுங்க. நாஞ் சொல்லச் சொல்ல என்ற பேத்தி போன்ல ஏத்தறா. நடுவால சிரிச்சீன்னா நிறுத்திருவேன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சிருக்கறேன். இப்பவே வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கறா.

என்ற மாமனாரு இருந்தாரே, அவரு போறதுக்கு முன்னால வயல ரெண்டு பையனுக்கும் சரிபாதியாக் கவுறு போட்டு அளந்து பிரிச்சுக் குடுத்தாரு. மேக்கால பாதி எங்குளுது. கெழக்கால பாதி அவுளுது. நடுவால வரப்பு. ஆளியாத்துத் தண்ணி வர்ற வாய்க்காலுக்குத் தலமாட்டுலயே கெடக்குற வயலுங்க, ஊருலயே அதுக ரெண்டுலதான் நல்லா வெளையும். அதனால மொதப் பானைக்குப் போட்டின்னா அவுளுக்கும் எனக்குந்தான். மத்தவிய வேடிக்க பாக்கறதோட சரி.

சரிபாதின்னா மூட்டைய எண்ணுனாப் போதுமில்லீங்களா? அப்பிடித்தான் ஊருல எண்ணுவாங்க. எண்ணுனா எனக்கு ஒரு மூட்ட கொறையும், இல்லாட்டி ரெண்டு மூட்ட கொறையும். மழ பேஞ்ச வருசமும் கொறையும், காஞ்ச வருசமும் கொறையும். ஒரே தண்ணி, ஒரே மண்ணு, ஒரே வெதை. எனக்கு மட்டும் ஏங்க கொறையோணும்?

நானும் சும்மா இருக்கல. அவ ஊட்டுப் பொடக்காணியில கோழி எரு எறங்குச்சுன்னா எங்க ஊட்டுலயும் எறக்கச் சொல்லுவேன். அவ வேப்பம் புண்ணாக்குப் போட்டா நானும் போடுவேன், ஒரு கை கூடவே போடுவேன். ஒருக்கா அவ வயல்ல வெடியால தனியா நின்னு என்னமோ முணுமுணுத்துட்டு இருந்தா. அடி ஆத்தா, மந்தரம் போடறாளாட்டம் இருக்குதுன்னு வாழை மறப்புல நின்னு காது குடுத்துக் கேட்டேன். மருமகளத் திட்டிட்டு இருந்தா. ஊட்டுல திட்ட முடியாததுக்கு வயலுக்கு வந்து திட்டிட்டுப் போறா. அன்னைக்கி அவ மேல கொஞ்சம் பாசங்கூட வந்துச்சுங்க.

பகையாளின்னு நெனச்சுக்காதீங்க. கல்யாணம் காச்சின்னா ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் போவோம். மூணாத்துல கட்டிக்குடுத்த என்ற பொண்ணப் பாக்கப் போறப்பக்கூட அவளையுங் கூட்டிட்டுத்தான் போனேன். மருமகன் அங்க தேயில பேக்டரியில இருக்கறாரு. மாட்டுப்பட்டி டேமுல போட்டுல ஏறுனோம். இவளுக்கு முன்னாலதான் உக்காரோணும். அக்கா நீங்க பொறகால உக்காருங்க, உங்குளுக்குத் தல சுத்துங்கறா. செரின்னு பொறகால உக்காந்தேன். போட்டுக்காரன் வேகமா ஒரு திருப்புத் திருப்புனான் பாருங்க, அத்தன தண்ணியும் அவ மேலதான். கோழிய நனைச்சாப்ல எறங்குனா. எனக்கு ஒரு சொட்டு மேல படல. பாத்தீங்களா, எங்கியோ போயிட்டேன்.

மூணாத்துல ஒண்ணு பாத்தனுங்க. மெஷின்ல தேயில வெட்டறாங்க, அப்பறம் ஆளாளுக்குத் தனித்தனியாச் சாக்கு வெச்சு எட போடறாங்க. யாரு எத்தன வெட்டுனாங்கன்னு சண்டையே இல்ல. நெல்லுக்கும் இப்பிடி அளந்து சொல்ல ஒண்ணு வந்தா எங்க ஊட்டு வழக்குத் தீந்துருமேன்னு அன்னைக்கே மனசுல நெனச்சேன்.

வந்துருச்சுங்க, போன அறுப்புக்கு.

காலேஜுல இருந்து ஒரு புள்ள வந்துச்சு. திருச்சூருப் பக்கத்துப் புள்ள, மலையாளத்துப் பொம்பளப்புள்ள. பேண்டு சட்டை, தலையில தொப்பி. என்ற பையனத் தேடி வந்து, உங்க வயல்ல அறுப்பு மெஷின் ஓடறப்ப நாங்க ஒரு சாமானத்த அதுல மாட்டிப் பாக்கறோம், எந்த எடத்துல எத்தன வெளஞ்சிருக்குதுன்னு ஓட ஓடவே சொல்லும், உங்குளுக்குச் செலவு ஒண்ணும் இல்லன்னுச்சு. பையன் யோசிக்கறதுக்குள்ள நான் பொறகால இருந்து, "மாட்டு கண்ணு, ரெண்டு வயலுக்கும் மாட்டு"ன்னுட்டேன்.

பையன் என்னையத் திரும்பிப் பாத்தான். "அம்மா, அது என்னன்னு தெரியுமா உங்குளுக்கு?"

"அளக்குமாமல்லடா? அது போதும்."

அந்தப் புள்ளைக்கு என்னையப் புடிச்சுப்போச்சு. மெஷின் வந்தன்னைக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி மூடியத் தொறந்து காட்டுச்சு. மெஷின் கதிர அறுத்து, வயித்துக்குள்ள அடிச்சு, நெல்ல மட்டும் ஒரு கொழாய் வழியா ஒசக்க ஏத்தித் தொட்டியில கொட்டும் பாருங்க, அந்தக் கொழாயிலதான் இந்தச் சாமானம்.

"அம்மே, நெல்லு இதில கூடி மேல போகும். இந்த சைடுல லேசர். அந்த சைடுல அதக் காணற கண்ணு. நெல்லு போகும்போ வெளிச்சம் மறையும். கூடுதல் மறைஞ்சா கூடுதல் நெல்லு."

"லேசருன்னா ஆஸ்பத்திரியில கண்ணுக்கு அடிக்கறாங்களே, அதா கண்ணு?"

"அதோட சொந்தக்காரன்னு வெச்சுக்கோங்க."

எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. சன்னல்ல வெயிலு வர்றப்ப குறுக்கால ஆளு போனா நெழலு விழுகுமில்ல, அதுதான். கூட்டமாப் போனா நெழலு கூட விழுகும். அதக் கணக்குப் பண்ணி ஒரு கண்ணாடிப் பலவையில கலராக் காட்டுமாம். கம்மியா வெளஞ்ச எடம் செவப்பு. நடுத்தரம் மஞ்ச. நல்லா வெளஞ்சா பச்ச. எழுத்துன்னாத்தான் எனக்கு ஆகாது. கலரு தெரியாதா எனக்கு? சீலை எடுக்கறப்ப கடைக்காரனையே அழ வெப்பேன்.

இதுல ஒரே ஒரு விசயந்தான் மனச உறுத்துச்சு. நாங்க களத்துல நெல்லு அளக்கறப்ப மொத வள்ளத்த ஒண்ணுன்னு சொல்லமாட்டமுங்க. லாபம்னு சொல்லித்தான் கொட்டுவோம். குமிச்சு வெச்ச நெல்லுப் பொலிய அடுத்தவிய பாத்தா முந்தானையப் போட்டு மூடுவோம். கண்ணு பட்டா பொலி சுருங்கிரும்னு சொல்லுவாங்க. மனுசக் கண்ணுக்கே இப்பிடின்னா, இது ஒரு மணி உடாம மொறச்சுப் பாக்கற கண்ணு. கொழாய்க்குள்ள உக்காந்து பாக்குது. இதுக்குத் திருஷ்டி கழிக்காம வயல்ல உடலாமா?

அதனால பூச போட்டேன். எப்பவும் போடறதுதான். வெளியூரு வண்டி, வாடகை வண்டி எதா இருந்தாலும் நம்ம வயலுக்குள்ள எறங்கறப்ப நம்ம வண்டி. சங்கிலிக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். தேங்கா ஒடச்சேன். சந்தனத்தக் கெட்டியாக் கொழச்சு, லைட்டுக்கு ஒரு பொட்டு, கண்ணாடிக்கு ஒரு பொட்டு, சுத்தற வீலுக்கு ஒரு பொட்டு. வண்டி ஓட்டறவரு ஆத்தூருக்காரரு, அவுரு நெத்திக்கும் ஒரு பொட்டு.

"எனக்கெதுக்கும்மா?"ன்னாரு.

"நீயும் மெஷினோட சேந்ததுதான் சாமி, குனி."

குனிஞ்சாரு. வெச்சேன்.

அப்பத்தான் அந்த மூடி தொறந்தே கெடக்கறதப் பாத்தேன். அந்தப் புள்ள ரெண்டு சின்னக் கண்ணாடியையும் துணியில தொடச்சு வெச்சுட்டு, மெஷின் கூரை மேல ஏறி என்னமோ காளான் மாதிரி ஒண்ண மாட்டிட்டு இருந்துச்சு. வண்டி எங்க போகுதுன்னு வானத்துல கேட்டுச் சொல்லற சாமானமாம் அது. கீழ இதுக ரெண்டும் எதிரும் புதிருமா, மாமியாளும் மருமகளும் மொறச்சுக்கறாப்ல மொறச்சுட்டு நின்னுதுக. லைட்டுக்கு வெச்சாச்சு, டிரைவருக்கு வெச்சாச்சு, அத்தன வேலையும் செய்யப்போறது இந்தக் கண்ணுக, அதுகளுக்கு வெக்காமயா? நல்லாப் பெருசா, கெட்டியா ஆளுக்கொரு பொட்டு வெச்சு, நடுவால குங்குமமும் வெச்சேன். பாக்க அத்தன அழகா இருந்துச்சு. டிரைவரு வந்து மூடியச் சாத்திட்டு ஏறிட்டாரு.

மொதல்ல எங்க வயலு. மெஷின் ஒரு சுத்து வந்துச்சு. அந்தப் புள்ள வரப்பு மேல நின்னு பலவையப் பாக்குது, நான் அது தோளு மேல எட்டிப் பாக்கறேன். பச்ச. இன்னொரு சுத்து. பச்ச. சும்மா பச்ச இல்லீங்க, மழைக்கு அப்பறம் அறுகம்புல்லு மொளச்சாப்ல கண்ணப் பறிக்கற பச்ச. வாய்க்கா ஓரம் ஒரு மூல எப்பவும் கோரை முளைச்சுச் சோடையாக் கெடக்கும், அங்கியும் பச்ச.

அந்தப் புள்ள கண்ண விரிச்சுட்டு, "அம்மே, இது கொள்ளாலோ! இத்தன நான் எவிடயும் கண்டதில்ல"ங்குது.

"எருவு கண்ணு எருவு. கோழி எருவு"ங்கறேன். எனக்குக் காலு தரையில பாவல.

என்ற ஓரகத்தி அக்கட்டால தென்ன மரத்தடியில உக்காந்து வெத்தல மென்னுட்டு இருந்தா. சித்தெ நேரம் பொறுத்துப் பாத்தா. முடியல. எந்திரிச்சு வந்துட்டா.

"ஏனக்கா, பச்ச பச்சையாத் தெரியுதாமா?"

"வெளஞ்சா பச்சையாத்தான் அம்மிணி தெரியும்."

"கோரை மூலையுமா?"

"கோரையெல்லாம் நெல்லாப் போச்சு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா."

"மெஷினுக்கு என்ன குடுத்தீங்க?"

"தேங்காப் பழந்தான் குடுத்தேன். நீ வேணும்னா கோழி அடிச்சுப் போடு, உன்ற வயலுக்குத் திங்கட்டும்."

மூஞ்சியத் திருப்பிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள எப்பிடி இருந்துச்சுங்கறீங்க? நோம்பிக்கு எந்தச் சீலை கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அரக்குக் கலரு, பச்சக் கரை. கரைக்கும் பச்சைக்கும் பொருத்தமா இருக்கட்டும்னு. என்ற பையன் வேற கோயில் பெரியவருக்குப் போன் போட்டு, இந்த வருசம் எங்கூட்டுப் பானைதானுங்கன்னு சொல்லிட்டான். அவசரக்குடுக்க, என்னையாட்டமே.

எங்க நெல்லு டிராக்டர் டிரெய்லர்ல எறங்குச்சு. அந்த டிரெய்லரிலயே அவ நெல்லையும் மேல கொட்டறதுன்னு பேச்சு. அதுக்குத்தான மெஷின் இருக்குது, யாருது எத்தனன்னு அது சொல்லிரும்ல. டிராக்டரு ஒரு நட மிச்சம்.

எங்க வயலு முடிஞ்சு, மெஷின் இட்டேரி வழியாச் சுத்திட்டு அவ வயலுக்குப் போகோணும். இட்டேரின்னா ரெண்டு பக்கமும் வேலி, நடுவால வண்டித் தடம், வெறும் புழுதி. மெஷின் அதுல போயிட்டு இருக்குது. நானும் அந்தப் புள்ளையும் பொறகாலயே நடந்து போறோம். திடீர்னு அந்தப் புள்ள நின்னுருச்சு. பலவையப் பாக்குது. தடத்தப் பாக்குது. மறுக்காப் பலவையப் பாக்குது.

"நிர்த்து! நிர்த்து!"ன்னு டிரைவரப் பாத்துக் கத்துச்சு.

என்னன்னு எட்டிப் பாத்தனுங்க. இட்டேரி முச்சூடும் பச்ச.

புழுதியில ஒரு புல்லு இல்ல. ஆனா மெஷின் சொல்லுது, எங்க வயலுக்குக் கொறையாம இங்கியும் வெளஞ்சிருக்குதுன்னு.

என்ற ஓரகத்தி வேலி ஓரத்துல நின்னவ, இடுப்புல கைய வெச்சுட்டு, "அக்கா, இட்டேரியையும் உங்க பேருலயே எழுதிக்கோங்க. அப்பிடியே மெயின் ரோட்டுல ஓட்டுனா அங்கியும் ரெண்டு போகம் எடுக்கலாம்"ங்கறா.

டிரைவரு எறங்கி மூடியத் தொறந்தாரு. அந்தப் புள்ள குனிஞ்சு உள்ள பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்பறம் மெதுவாத் திரும்புச்சு.

"இது ஆரு பொட்டு தொட்டது?"

டிரைவரு என்னையப் பாத்தாரு. பையன் என்னையப் பாத்தான். ஓரகத்தி எப்பவோ என்னையத்தான் பாத்துட்டு இருந்தா. டிரைவரு நெத்தியில என்ற பொட்டு இன்னும் காயாம இருக்குது, நாந்தான்னு வேற யாரும் சொல்லவே வேண்டியதில்ல.

"நாந்தான் கண்ணு வெச்சேன். அதுவும் கண்ணுதான? கண்ணுக்கு வெக்காம காலுக்கா வெப்பாங்க?"

அந்தப் புள்ளைக்கு மொதல்ல அழுக வர்றாப்ல இருந்துச்சு. அப்பறம் பொக்குனு சிரிச்சுருச்சு பாருங்க, தொப்பி கீழ விழுந்து, வேலியப் புடிச்சுட்டுச் சிரிக்குது. சந்தனம் பாதி வெளிச்சத்த மறச்சுட்டு நின்னுருக்குது. மறஞ்சா நெல்லுன்னுதான அதுக்குச் சொல்லி வெச்சிருக்குறாங்க? பாவம், அது சந்தனத்தப் பூராவும் நெல்லுன்னு எண்ணிட்டே வந்திருக்குது.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டாங்கறீங்க, நீங்க அதுக்குக் கண்ண மூடியில்ல உட்டிருக்கறீங்க"ன்னா ஓரகத்தி. அன்னைக்கி அவுளுக்கு வாயி நல்லா வெளஞ்சிருந்துச்சுங்க.

சந்தனம் காஞ்சு பொறுக்குத் தட்டிப்போச்சு. நான் நகத்துல சுரண்டப் போனேன். "அம்மே, தொடல்லே!"ன்னு அந்தப் புள்ள போட்ட சத்தத்துல வேலியில இருந்த மைனாவெல்லாம் பறந்துருச்சு. அதுவே என்னமோ மருந்த ஊத்தி ஊற வெச்சு, பஞ்சுல தொடச்செடுத்துச்சு. கொழந்தைக்குக் கண்ணு பீளை எடுக்கறாப்ல அத்தன பதனம்.

அப்பறம் அவ வயலு அறுத்துச்சு. தொடச்ச கண்ணு நெசத்தத்தான் சொல்லும். பச்சையும் இருந்துச்சு, மஞ்சளும் இருந்துச்சு, அங்கங்க செவப்பும் இருந்துச்சு. நெல்லு எங்க நெல்லு மேலயே போயி விழுந்துச்சு. எங்குளுது எத்தனன்னு இனி யாரு சொல்றது? கலந்துபோச்சே.

அந்தப் புள்ள ஒரு வழி சொல்லுச்சு. டிரெய்லர ரோட்டோரத்து எட மேடைக்கு ஓட்டிட்டுப் போயி மொத்தமா எட போடறது. வெறும் வண்டி எடையையும் அவ வயலுக்கு மெஷின் சொன்ன கணக்கையும் அதுல கழிச்சா மிச்சம் எங்குளுது. வேற ஊரு வயல்ல இப்பிடி எட போட்டுப் பாத்ததுல மெஷின் சொன்னது சரியா வந்துச்சாம். பையன் போயிட்டு வந்தான். வர்றப்பவே தல தொங்கிக் கெடந்துச்சு.

கழிச்சுப் பாத்தா எங்குளுது ரெண்டு மூட்ட கம்மி.

எப்பவும் கொறையற அதே ரெண்டு மூட்ட. எனக்குப் பொக்குனு போயிருச்சு. லேசரு வந்தாலும் அதே, வானத்துல கேட்டாலும் அதே. அரக்குச் சீலைய நெனச்சுப் பாத்தேன், அழுகையே வந்துச்சு. கோயில் பெரியவருக்கு வேற சொல்லியாச்சு.

என்ற ஓரகத்தி வெத்தலச் சாற வேலிக்கு அக்கட்டால துப்பிட்டு, பாசமாக் கிட்ட வந்து என்ற கையப் புடிச்சா. "உடுங்கக்கா. யாரு கையில பானை இருக்கோணும்னு ஆத்தாளுக்குத் தெரியாதா? உங்குளுக்கு வயசும் ஆச்சு, அடுப்புச் சூடு ஆகாது."

அவுளுக்கும் எனக்கும் எத்தன வயசு வித்தியாசம்ங்கறீங்க? ஒரே ஒரு தீவாளிதான்.

அந்தப் புள்ள பலவைய நோண்டிட்டே, "ஒரு நிமிசம், கழிஞ்ஞில்ல"ன்னுச்சு. முடியலயாம். "மூட்ட மாத்ரம் எண்ணிட்டுக் காரியம் இல்ல. சென்டுக்கு எத்தனன்னு நோக்கணும். ரெண்டு வயலும் ஒரே அளவு இல்லல்லோ."

"ஒரே அளவுதான் கண்ணு. என்ற மாமனாரு கவுறு போட்டு அளந்து குடுத்தது."

"இல்லம்மே. இவங்களுது வலுதாணு." பெருசாம்.

பலவைய எங்குளுக்குத் திருப்புச்சு. மெஷின் ஓடுன ஓட்டத்த வெச்சு ரெண்டு வயலையும் மேல இருந்து பாக்கறாப்லக் காட்டுச்சு. ரெண்டு பாதியும் சரியா இருந்தா நடுவால வரப்பு நேரா இருக்கோணுமில்ல? அது நேரா இல்லீங்க. ரெண்டு கடைசியிலயும் கல்லு நட்ட எடத்துல சரியா இருக்குது. நடுவால என்ற வயலுப் பக்கமா வயித்தத் தள்ளிட்டு நிக்குது, நெறமாசப் பொம்பளையாட்டம்.

டிரைவரு மட்டும் "ஓ"ன்னாரு.

எங்க பக்கத்து ஆளுகளுக்கு இத வெவரமாச் சொல்லவே வேண்டாம், மத்தவிங்குளுக்காகச் சொல்றேன். நாத்து நடறதுக்கு முன்னால வரப்பச் செதுக்கோணும். அவியவிய பக்கத்துல களையோட மண்ணச் சேத்து மம்முட்டியில சீவி எடுப்பாங்க. என்ற ஓரகத்தி செதுக்குன வரப்புன்னா ஊரே நின்னு பாக்கும். கத்தியில வெட்டுன அல்வாவாட்டம் நிக்கும். என்ன சுத்தக்காரின்னு நானே சொல்லியிருக்கறேன். அவ அந்தப் பக்கம் ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு வெரக்கடை கூடச் சீவியிருக்கறா. வரப்பு மெலிஞ்சு போச்சே, தண்ணி ஒடச்சுருமேன்னு என்ற ஊட்டுக்காரரு, அந்தப் புண்ணியவான், இந்தப் பக்கம் வயலு மண்ண அள்ளிச் சேறாக் கொழச்சு அப்பியிருக்கறாரு. அவ சீவ, இவுரு அப்ப, அவ சீவ, இவுரு அப்ப. வரப்பு ஒரு நாளும் மெலியவே இல்ல. நடந்து நடந்து எங்க வயலுக்குள்ள வந்துருச்சு. எங்க வயல நாங்களே சேறடிச்சு அவுளுக்குத் தள்ளிக் குடுத்திருக்கறோம்! அதுக்கு எங்க ஊட்டுல இருந்து மோரு வேற கொண்டு போயிக் குடுத்திருக்கறேன்.

அந்தப் புள்ள கணக்குப் போட்டு முடிச்சுது. சென்டுக்குச் சென்டு பாத்தா எங்குளுதுதான் ஜாஸ்தி.

பையனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "நாளைக்கே தாலூக்காப்பீசு போயி சர்வேயரக் கூட்டியாறேன். கல்லு போட்டு அளந்து..."

"சித்தெ சும்மா இருடா"ன்னேன். எனக்கு அழுக போன எடம் தெரியல. வயித்துக்குள்ள சிரிப்பு கொதிக்குது. ஓரகத்தியப் பாத்தேன். வெத்தல மெல்லறத நிறுத்திட்டா. கன்னத்துல வெச்சது அப்பிடியே உப்பிட்டு நிக்குது.

பொழுது எறங்கறப்ப வாய்க்கால்ல காலு கழுவப் போனேன். அவ அங்க இருப்பான்னு தெரியும். இருந்தா. தேச்ச மம்முட்டியவே மறுக்கா மறுக்காத் தேச்சுட்டு இருந்தா.

"ஏனக்கா, மொழங்காலு வலி எப்பிடி இருக்குதுங்க?"

"உன்ற வரப்பாட்டம், கொஞ்சங் கொஞ்சமா நகுருது அம்மிணி."

ரோசம் வந்துருச்சு அவுளுக்கு. "களை இருந்தாச் செதுக்காம என்னங்க பண்றது? நான் பாட்டுக்குச் செதுக்குனேன். உங்க ஊட்டுக்காரருதான் அப்புனாரு. அப்புங்கன்னு நானா சொன்னேன்?"

"சொல்லல. ஆனா அவுரு அப்பறப்ப நல்லா அப்புறீங்க மாமான்னு பாராட்டிட்டு நின்ன. நானே கேட்டிருக்கறேன்."

சிரிப்ப அடக்கப் பாத்தா. முடியல. வெத்தல பொறை ஏறிருச்சு. முதுகத் தட்டி உட்டேன், கொஞ்சம் பலமாவே தட்டுனேன்.

இருமி முடிச்சுட்டுக் கேட்டா. "இப்ப என்னங்க வேணும் உங்குளுக்கு? சர்வேயர் வந்தா ஊரு முழுக்கத் தெரியும். என்ற மருமக முன்னால நான் தல நிமுந்து நடக்க முடியாதுங்க."

"மண்ணா உன்னையக் கேட்டேன்? மண்ண வெச்சு நான் என்ன பண்ணப்போறேன். பானை."

"பானை உங்குளுதுதான்னு மெஷினே சொல்லிருச்சே."

"மெஷின் சொன்னாப் போதாது. நீ கோயில் பெரியவருகிட்டப் போயி உன்ற வாயால சொல்லோணும், இந்த வருசம் அக்கா ஊட்டு வெள்ளாமைதான் நல்ல வெள்ளாமைன்னு. வரப்பு பேச்சு வேண்டாம். என்ற பையன நான் பாத்துக்கறேன்."

ரோசன பண்ணா. "அம்புட்டுத்தானே?"

"அடுப்பு ஊதோணும்."

"என்னது?"

"எனக்கு வயசாச்சுன்னு சொன்னீல்ல. அடுப்புச் சூடு ஆகாதுன்னு. நான் அரிசி போடறேன், நீ ஊது."

மம்முட்டிய ஓங்கித் தண்ணியில அடிச்சா. என்ற சீலையெல்லாம் தெறிச்சுது. ஆனா சரின்னுட்டா.

நோம்பி அன்னைக்கி வெயிலு மண்டையப் பொளந்துச்சு. ஊரே கையக் கட்டிட்டு நின்னுச்சு. அந்தத் திருச்சூருப் புள்ளையும் சேலை கட்டிட்டு வந்திருந்துச்சு, நாந்தான் கூப்புட்டிருந்தேன். பானைக்குப் பொட்டு வெக்கறப்ப, "அம்மே, அதுக்குக் கொழப்பமில்ல, நல்லா வெச்சுக்கோங்க"ன்னு பின்னால இருந்து சொல்லுது. நான் அரிசியப் போட்டேன். என்ற ஓரகத்தி குந்தி உக்காந்து ஊதுனா, ஊதுனா, கண்ணுல தண்ணி வரவர ஊதுனா. பச்சை வெறகு. வெறகு நாந்தான் பொறுக்கி எடுத்துட்டுப் போனேன், அத அவகிட்ட இன்னும் சொல்லல, பேத்தி நீயும் சொல்லீராத.

பானை பொங்குச்சு பாருங்க, கெழக்கால பாத்து, வழிஞ்சு அடுப்புக்குள்ளயே ஊத்துச்சு. கொலவ போட்டாங்க. எல்லாரையும் உட எச்சாக் கொலவ போட்டது அவதான். ஊதற வேல முடிஞ்சுபோச்சுல்ல.

வரப்பு இருந்த எடத்துலயே இருக்கட்டும்னு பையங்கிட்டச் சொல்லிட்டேன். அந்தப் புள்ள அடுத்த போகத்துக்கும் மெஷினக் கொண்டாருதாம். சென்டுக் கணக்குல நான் செயிச்சுக்குவேன், மண்ணு அவகிட்டயே கெடந்துட்டுப் போகட்டும். இப்ப நாத்து உடற சமயம். வெடியால அவ மம்முட்டியத் தூக்கிட்டு வரப்புக்கு வர்றப்ப, நானும் இந்தப் பக்கம் போயி ஒரு கல்லு மேல உக்காந்துக்கறேன். அவ மம்முட்டி களையத் தாண்டிச் சித்தெ ஆழமா எறங்குச்சுன்னா, சும்மா ஒருக்கா இருமறேன்.